அகதிகள் திரும்பும் ஊர்களில் விறகுக்குப் போட்டி: புனே அடுப்புகள் கற்றுத்தரும் பாடம் என்ன?

புனே: போர் ஓய்ந்து அகதிகள் சொந்த மண்ணுக்குத் திரும்பும்போது வீடு, குடிநீர், உணவுப் பொருள் ஆகியவை குறித்தே அரசுகளும் உதவி அமைப்புகளும் முதலில் திட்டமிடுகின்றன. அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டு விடுகின்றன. அவற்றை வேகவைக்க எரிபொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பெரும்பாலும் பின்னரே எழுகிறது. அதற்குள் ஊரைச் சுற்றியுள்ள காடு மெலியத் தொடங்கி விடுகிறது. ஏற்கெனவே அங்கு வசிப்போருக்கும் புதிதாக வந்தோருக்கும் இடையே விறகுக்கான போட்டியும் தொடங்கி விடுகிறது.

இந்தச் சிக்கலைத் தணிக்கும் எளிய கருவியாகக் கருதப்படுவது, குறைந்த விறகில் சமைக்க உதவும் மேம்படுத்தப்பட்ட அடுப்பு. இத்தகைய அடுப்புகளை வடிவமைப்பதிலும், உற்பத்தி செய்வதிலும், விற்பனை செய்வதிலும் மகாராஷ்டிர மாநிலம் புனே நகருக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. அகதிகளுக்காகத் திட்டமிடுவோருக்கு இரண்டுமே பயன்படும்.

விறகு ஏன் மோதலுக்குக் காரணமாகிறது?

ஒரு குடும்பம் நாள்தோறும் 5 கிலோ விறகு எரிப்பதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் குடும்பங்கள் ஒரே பகுதிக்குத் திரும்பினால் நாளொன்றுக்கு 5 டன் விறகு தேவைப்படும். ஓராண்டுக்கு அது 1,825 டன். காய்ந்த சுள்ளிகளால் இந்தத் தேவை நிறைவேறாது. பச்சை மரங்கள் வெட்டப்படும். அருகில் உள்ள மரங்கள் தீர்ந்த பிறகு பெண்களும் சிறுமிகளும் மேலும் தொலைவு நடக்க நேரிடும்.

உள்ளூர் மக்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. தலைமுறைகளாக அவர்கள் பயன்படுத்திவந்த புறம்போக்கு, காடு, ஓடைக்கரை ஆகியவற்றில் திடீரெனப் பங்காளிகள் கூடுகின்றனர். விறகின் விலை ஏறுகிறது. உதவிகள் அனைத்தும் வந்தவர்களுக்கே செல்கின்றன என்ற மனக்குறையும் சேர்ந்துகொள்கிறது. எனவேதான் ஐ.நா. அகதிகள் முகமை சமையல் எரிபொருளைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் அணுகத் தொடங்கியது. எரிபொருளையும் எரிசக்தியையும் அச்சமின்றிப் பெறுவதற்கான தனி உத்தியை 2014-ஆம் ஆண்டில் அது வகுத்தது.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2017 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சுமார் 7 லட்சம் ரோஹிங்கியா அகதிகள் அங்கு வந்து சேர்ந்தனர். முகாம்களைச் சுற்றியிருந்த குன்றுகள் விறகுக்காக விரைவில் மொட்டையடிக்கப்பட்டன. 2018-இல் ஐ.நா. அமைப்புகள் சமையல் எரிவாயு வழங்கத் தொடங்கியபோது, முகாம் குடும்பங்களுடன் சுற்றுப்புற கிராமக் குடும்பங்களையும் பயனாளிகளாகச் சேர்த்தன. காட்டின் மீதான அழுத்தம் குறைந்தது. எல்லா இடங்களிலும் எரிவாயுவைக் கொண்டுசேர்க்க இயலாது. சாலையும் சிலிண்டர் நிரப்பும் வசதியும் இல்லாத பகுதிகளில் மேம்படுத்தப்பட்ட அடுப்பே உடனடித் தீர்வாக எஞ்சுகிறது.

அடுப்பு விறகை எவ்வாறு மிச்சப்படுத்துகிறது?

மூன்று கற்களைக் கூட்டி மூட்டும் அடுப்பில், விறகிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சென்றடைகிறது. எஞ்சியது காற்றோடும், சூடேறிய தரையோடும், எரியாத புகையோடும் வீணாகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நெருப்பை நன்றாக எரியச் செய்வது. தணல் தாங்கும் கம்பித்தட்டின் அடியிலிருந்து காற்று புகுந்தால் விறகு முழுமையாக எரியும். எரியும் அறையின் சுவர் வெப்பத்தை உறிஞ்சாமல் இருந்தால் உள்ளே சூடு கூடி, புகையும் எரிந்துவிடும். இரண்டாவது, உண்டான வெப்பத்தைப் பாத்திரத்துக்குள் செலுத்துவது. பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி அகன்றால் சூடு வெளியேறி விடும்; மிகவும் குறுகினால் நெருப்பு மூச்சுத்திணறும். சில மில்லிமீட்டர் வேறுபாடே பெரிய மாற்றத்தை ஏற்படுத்தும்.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பம் கடத்துவதில் சிறந்த அடுப்பு விறகைப் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் புகையை அதே அளவு குறைக்காமல் போகலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2013-ஆம் ஆண்டுத் தரநிலை இதனாலேயே இரண்டையும் தனித்தனியே அளக்கச் சொல்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய விறகு அடுப்புகளில், இயல்பான காற்றோட்டத்தில் எரிபவை குறைந்தது 25 விழுக்காடும், விசிறி பொருத்தியவை 35 விழுக்காடும் வெப்பத்திறன் பெற்றிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கும் புகைத்துகளுக்கும் தனி உச்சவரம்புகள் உள்ளன.

புகைக்கான உச்சவரம்பு வெறும் சம்பிரதாயம் அன்று. வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 2.37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

புனேயின் அனுபவம்: கரும்புத் தோகையிலிருந்து கரி

தாவரவியலாளர் ஆனந்த் கார்வே 1996-ஆம் ஆண்டில் புனேயில் பொருத்தமான ஊரகத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக ஆர்ட்டி என்று அழைக்கப்படும் இந்நிறுவனம், சமையலறையை ஆய்வுக்குரிய இடமாக எடுத்துக்கொண்டது. அடுப்பை மட்டும் மாற்றினால் போதாது, எரிபொருளையும் உள்ளூரிலேயே கண்டறிய வேண்டும் என்பதே அதன் அணுகுமுறை.

மேற்கு மகாராஷ்டிரம் கரும்பு விளையும் பூமி. அறுவடைக்குப் பின் வயலில் குவியும் காய்ந்த தோகையை விவசாயிகள் பெரும்பாலும் தீயிட்டுக் கொளுத்துவது வழக்கம். அது கால்நடைகளுக்குத் தீவனமாகாது. எளிதில் மக்குவதும் இல்லை. ஆர்ட்டி, இந்தத் தோகையை மூடிய கலன்களில் அடைத்துச் சூளையில் கரியாக்கி, அந்தக் கரித்தூளைப் பசையுடன் பிசைந்து கட்டிகளாக அழுத்தும் முறையை உருவாக்கியது. மரத்தை வெட்டாமலேயே அடுப்புக்கரி கிடைத்தது. இப்பணிக்காக 2002-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது ஆர்ட்டிக்கு வழங்கப்பட்டது. சமையலறைக் கழிவில் இயங்கும் சிறிய சாண எரிவாயுக் கலனை ஒத்த அமைப்புக்காக 2006-இல் அதே விருது மீண்டும் கிடைத்தது.

இந்தக் கரிக்கட்டிகளுக்கென்றே ‘சராய்’ என்ற நீராவிச் சமையற்கலன் வடிவமைக்கப்பட்டது. அடுக்குப் பாத்திரங்களைச் சுற்றி ஓர் உறையும், அடியில் சிறு கரியடுப்பும் கொண்ட இதில், சுமார் 100 கிராம் கரிக்கட்டியைக் கொண்டு ஒரு சிறு குடும்பத்துக்குச் சோறும் பருப்பும் காய்கறியும் சேர்த்து வேகவைக்க முடியும்.

மண் அடுப்புகளிலும் ஆர்ட்டி கவனம் செலுத்தியது. அச்சுகளை உருவாக்கி, குயவர்களுக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் பயிற்சியளித்து, அவர்களே அடுப்புகளைச் செய்து விற்கும் ஏற்பாட்டை ஊக்குவித்தது. அகதிகள் திரும்பும் பகுதிகளுக்கு மிகவும் பொருந்துவது இந்த ஏற்பாடே. அச்சு ஒன்றாக இருந்தால் அளவு பிசகாது. செய்பவர் அதே ஊரில் இருந்தால் உடைந்த அடுப்புக்கு மாற்று எளிதில் கிடைக்கும்.

நல்ல அடுப்பு, விலையேறிய எரிபொருள்

புனேயின் மற்றோர் அனுபவம் எச்சரிக்கையாக அமைந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் உருவான ‘ஊர்ஜா’ அடுப்பை, பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பி.பி. 2006-ஆம் ஆண்டுவாக்கில் சந்தைப்படுத்தத் தொடங்கியது. பின்னர் அந்தத் தொழில், புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது.

பேட்டரியில் இயங்கும் சிறு விசிறி பொருத்திய அடுப்பு இது. வேளாண் கழிவுகளை அழுத்திச் செய்த ‘பெல்லட்’ எனும் சிறு எரிகட்டிகள் இதற்கான எரிபொருள். மேற்புறம் தீ மூட்டியதும் எரிகட்டிகளிலிருந்து வெளியேறும் வாயு, விசிறி செலுத்தும் காற்றுடன் கலந்து நீலச் சாயலுடன் எரியும். புகை மிகக் குறைவு. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்பனையாயின.

சிக்கல் எரிபொருளில் எழுந்தது. எரிகட்டிக்குத் தேவையான வேளாண் கழிவுகளுக்குத் தொழிற்சாலைகளும் போட்டியிட்டன. மூலப்பொருள் விலை உயர, எரிகட்டியின் விலையும் உயர்ந்தது. ஊரகக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அடுப்பை ஓரங்கட்டின. வேறு விறகு அந்த அடுப்பில் முறையாக எரியாது என்பதால் மாற்று வழியும் இல்லை. நிறுவனம் வீடுகளை விட்டு, உணவகங்கள் முதலிய வணிகச் சமையலறைகளின் பக்கம் திரும்பியது.

ஆய்வகத்தில் முதலிடம் பெறும் அடுப்பு, எரிபொருள் வழங்கல் அறுந்தால் பரணுக்குச் சென்றுவிடும். சாலைகள் துண்டிக்கப்பட்ட, கடைகள் மீண்டும் திறக்காத மீள்குடியேற்றப் பகுதியில் அந்த அபாயம் பன்மடங்கு பெரிது. அங்கு, கிடைக்கும் சுள்ளியையும் ஏற்றுக்கொள்ளும் அடுப்பே தாக்குப்பிடிக்கும்.

மும்பையில் தகடு, தார்ஃபூரில் அடுப்பு

இடம்பெயர்ந்தோருக்காக அடுப்பு செய்வதில் மகாராஷ்டிரத்தின் நேரடிப் பங்களிப்பு சூடானின் தார்ஃபூரில் காணப்படுகிறது. அங்கு 2003-இல் தொடங்கிய மோதலில் லட்சக்கணக்கானோர் முகாம்களில் தஞ்சமடைந்தனர். முகாமை விட்டு விறகு தேடி மணிக்கணக்கில் நடந்த பெண்கள், வழியில் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்தை எதிர்கொண்டனர். சிலர், கிடைத்த உணவுப்பொருளில் ஒரு பகுதியை விற்று விறகு வாங்கினர்.

மும்பையில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இயற்பியலாளர் அசோக் காட்கில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவரது குழு 2005-இல் தார்ஃபூர் சென்று ஆய்வு நடத்தியது. இந்தியாவின் ‘தாரா’ அடுப்பை அடிப்படையாக வைத்து, அங்குள்ள சமையலுக்கேற்ப மாற்றியமைத்தது.

மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அங்கு காற்று பலமாக வீசுவதால் அடுப்பின் மேல்பகுதியில் காற்றுத் தடுப்பு வளையம் சேர்க்கப்பட்டது. தார்ஃபூர் பெண்கள் உருண்டை அடிப்பாகமுள்ள பாத்திரத்தில் களி போன்ற உணவை வலிமையாகக் கிளறுவர். எனவே அடுப்பு சாயாதவாறு தரையில் ஊன்றும் வசதி செய்யப்பட்டது. அளவுக்கு மீறி விறகு திணிக்கப்படுவதைத் தடுக்க வாய் சிறியதாக அமைக்கப்பட்டது. கல் அடுப்புடன் ஒப்பிடுகையில் விறகுத் தேவை ஏறத்தாழப் பாதியானது.

உற்பத்தி முறையும் கவனத்துக்குரியது. மும்பையிலுள்ள தொழிற்சாலையில் தகடுகள் துல்லியமாக வெட்டப்பட்டு, தட்டையான பொதிகளாகக் கப்பலேறின. வடக்கு தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரில் உள்ளூர்த் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டி முழு அடுப்பாக்கினர். தட்டையாக அடுக்கியதால் கப்பல் கட்டணம் குறைந்தது, அளவு பிசகவில்லை, போரில் வாழ்வாதாரம் இழந்தோருக்கு வேலையும் கிடைத்தது. 2023 ஏப்ரலில் சூடானில் மீண்டும் போர் வெடித்தது. இடம்பெயர்வும் திரும்புதலும் அங்கு இன்னும் முடிவுறாத கதை.

இலங்கையும் தமிழகமும்

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. 1983 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் தமிழகம் வந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் நாடு திரும்பினர். வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலானோர் விறகையே நம்பிச் சமையலைத் தொடங்க வேண்டியிருந்தது.

இலங்கையில் 1980-களிலிருந்து பரவிய ‘அனகி’ அடுப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. சுட்ட களிமண்ணால் ஒரே துண்டாகச் செய்யப்படும் இதில் ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரங்களை வைக்கலாம். ஒன்றில் சோறு வேகும்போது, மற்றதில் கறி கொதிக்கும். அடுப்பை வாங்கி வந்து சுற்றிலும் சேறு பூசிப் பதித்தால் நீண்ட நாள் உழைக்கும். குயவர்கள் செய்து, வழக்கமான வணிகர்கள் மூலம் விற்பனையானதால், மானியம் நின்ற பிறகும் அது சந்தையில் நிலைத்தது.

தமிழகத்தில் சுமார் 58 ஆயிரம் பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வசிப்பதாக 2021-இல் சட்டப்பேரவையில் தெரிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த 317.40 கோடி ரூபாய் நலத்திட்டத்தில், முகாம் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும், ஆண்டுக்கு ஐந்து சிலிண்டர்களுக்கு தலா 400 ரூபாய் மானியமும் இடம்பெற்றன.

எரிவாயுவில் சமைத்துப் பழகிய குடும்பம் நாடு திரும்பும்போது என்ன நிகழும் என்பதும் சிந்திக்கத்தக்கது. 2022-இல் இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயுத் தட்டுப்பாட்டால் நகரவாசிகளே விறகு அடுப்புக்குத் திரும்ப நேர்ந்தது. எரிவாயு இருந்தாலும், நம்பகமான விறகு அடுப்பு ஒன்று கைவசம் இருப்பது காப்பீடு போன்றது.

மூன்றரைக் கோடி அடுப்புகள் தந்த பாடம்

இந்திய அரசு 1983-இல் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது நிறுத்தப்படும் வரை சுமார் 3.5 கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. எண்ணிக்கையில் இது மாபெரும் சாதனை. ஆனால், இலக்கை எட்டுவதற்காக அவசரமாகக் கட்டப்பட்ட அடுப்புகள் பல விரைவில் பழுதடைந்தன. பழுதுபார்க்க ஆளில்லை. மானியத்தில் வந்த பொருளென்பதால் தரம் குறித்துக் கேள்வி கேட்போரும் குறைவு. எத்தனை அடுப்புகள் வழங்கப்பட்டன என்பதே கணக்கிடப்பட்டது. எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பது போதிய அளவு கணக்கிடப்படவில்லை.

2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்ட பிறகும், மறு சிலிண்டர் வாங்க இயலாத குடும்பங்கள் விறகையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. இணைப்பும் பயன்பாடும் வேறுவேறு என்பதை இதுவும் உணர்த்துகிறது.

மீள்குடியேற்றப் பகுதியில் செய்ய வேண்டியவை

இந்த அனுபவங்களைத் தொகுத்தால் சில நெறிகள் தெளிவாகின்றன.

முதலாவது, அடுப்பை வடிவமைக்கும் முன் சமையலைக் கவனிக்க வேண்டும். என்ன உணவு, எந்தப் பாத்திரம், எந்த விறகு, வீட்டுக்குள்ளா வெளியிலா என்பவற்றைச் சமைப்பவரிடமே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, களிமண் நன்றாகக் கிடைத்து, குயவர்களும் இருந்தால் மண் அடுப்பே சிக்கனம். கைவினைஞர்கள் சிதறிப்போன இடங்களில் தகட்டுப் பொதிகளை வெளியிலிருந்து வரவழைத்து அங்கேயே பூட்டலாம்.

மூன்றாவது, உற்பத்திக் குழுவில் திரும்பியோரும் உள்ளூர்வாசிகளும் சேர்ந்தே இடம்பெற வேண்டும். விற்பனையும் இரு தரப்புக்கும் ஒரே விலையில் அமைய வேண்டும். வந்தோருக்கு மட்டும் இலவசமாக வழங்கினால் உள்ளூர்க் குயவரின் விற்பனை நின்றுவிடும், மனக்குறையும் வளரும். அதேநேரம், கையில் பணமே இல்லாத குடும்பங்களுக்கு விலையைச் சுமத்துவதும் நியாயமாகாது. அவர்களுக்கு அடுப்பு வாங்குவதற்கான பற்றுச்சீட்டு வழங்கினால், குடும்பத்துக்கு அடுப்பும் கைவினைஞருக்கு வருமானமும் ஒருங்கே கிடைக்கும்.

நான்காவது, வழங்கி ஆறு மாதம், ஓராண்டு கழித்து வீடு வீடாகச் சென்று அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட எடுத்துக்காட்டில், அடுப்பு 40 விழுக்காடு விறகை மிச்சப்படுத்தினால் ஆயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கு 730 டன் விறகைக் காப்பாற்றும். பாதிக் குடும்பங்கள் மூன்று மாதத்தில் பழைய கல் அடுப்புக்குத் திரும்பினால் ஆண்டின் எஞ்சிய பகுதியில் அந்தச் சேமிப்பும் பாதியாகிவிடும். எஞ்சியதை மீண்டும் காடுதான் ஈடுகட்ட வேண்டும்; அதைச் சுமந்து வருவது பெண்களின் தலையில்தான் விழும்.